டீக்கடைக்குத் தெரிந்தது ஸ்டேஷனுக்கும் தெரிய வேண்டும்

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு ஸ்டேஷனில் உங்களுக்குத் தனிப்பிரிவு வேலை கிடைத்திருக்கிறதா? எல்லைக்குள் நடப்பதையும் நடக்கப்போவதையும் எஸ்.பி. அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டிய ஆள் நீங்கள். முதலில் அச்சங்குளத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

சாத்தூர் பக்கமுள்ள அந்த ஊரில் 2021 பிப்ரவரி 12 அன்று பட்டாசு ஆலை வெடித்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உரிமம் ஒருவர் பெயரில்; உள்ளே பிரித்து உள்குத்தகைக்கு எடுத்து வேலை நடத்தியவர்கள் பலர். உள்குத்தகை சட்டப்படி கூடாது. ஆனால் அதை ஊருக்குள் மறைக்க முடியாது. சனிக்கிழமை சம்பளத்தை யார் கையில் வாங்குகிறோம் என்பது வேலைக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் தெரியும். இந்தப் பகுதியில் உளவு என்பது சிதறிக் கிடப்பதைக் கோத்து எடுப்பதுதான்.

காலையில் ஆள் ஏற்றிப்போகும் வேனில் தலையை எண்ணுங்கள். ஆலைக்கு வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறையின் நாக்பூர் லைசென்ஸா, வருவாய்த் துறையின் டி.ஆர்.ஓ. லைசென்ஸா, எத்தனை அறை என்று பாருங்கள். ஓர் அறைக்கு நான்கு பேர் என்ற கணக்குக்கு மேல் ஆள் போனால், மிச்சப் பேர் மரத்தடியில் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பார்கள். எந்த ஆலைக்கும் யாரும் போகாத வீட்டில் ஒருவர் விரலிடுக்கில் அலுமினியப் பொடி வெள்ளியாய் மின்னினால், அங்கே திருட்டுத்தனமாகப் பட்டாசு மருந்து புழங்குகிறதா என்று விசாரியுங்கள். தீபாவளி நெருங்க நெருங்க இவையெல்லாம் கூடும்.

வந்த தகவலை அப்படியே நம்பிவிடாதீர்கள். சொன்னவர் கண்ணால் பார்த்தாரா, கேள்விப்பட்டாரா? தொழில் போட்டியில் போட்டுக்கொடுக்கிறாரா? தொடர்பில்லாத இன்னொருவரும் அதையே சொல்கிறாரா? இவற்றுக்கான பதிலைத் தகவலுக்குப் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.

சொன்னவரைக் காப்பாற்றுவது எல்லாவற்றையும்விட முக்கியம். குற்றத் தகவல் எங்கிருந்து வந்தது என்று சொல்லும்படி போலீஸ்காரரைக் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதினியத்தின் 131ஆம் பிரிவு. ஆனால் ஊர் வாய்க்குச் சட்டம் தெரியாது. நேற்று மாலை ஒரு பெண்ணிடம் நின்று பேசிவிட்டு இன்று காலை அவர் வேலை பார்க்கும் ஆலைக்கு மட்டும் ஜீப்பில் போனால், அவர் பிழைப்பு போய்விடும். அக்கம்பக்கத்து மூன்று ஆலைகளையும் சேர்த்தே சோதனை போடச் சொல்லுங்கள். அதற்காக நாள் கடத்தவும் கூடாது. வெயிலில் காயும் மருந்து காத்திருக்காது.

உரிமத்தை ரத்து செய்யும் அதிகாரம் போலீஸிடம் இல்லை. வருவாய்த் துறைக்கும் வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறைக்கும் போகாத தகவல் ஸ்டேஷன் ஃபைலிலேயே செத்துவிடும். அங்கே போகிற அறிக்கை அவர்களை எழுந்து புறப்பட வைக்க வேண்டும். “விதிமீறல் நடப்பதாகத் தெரிகிறது” என்று எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். “வடக்கு ஓர ஷெட்டுகளில் மூன்று பேர் தனித்தனியாகக் கூலி கொடுக்கிறார்கள், நேற்று ஓர் அறையில் ஒன்பது பேர், மருந்துக் கலவை வேப்பமரத்தடியில்” என்று எழுதுங்கள்.