உயிலா, செட்டில்மென்டா?

"வீட்டை இப்பவே பையன் பேருக்கு எழுதி வெச்சிரலாமா, உயில் போதுமா?" சொத்தென்று ஒரே வீடு வைத்திருக்கும் பெற்றோருக்கு என் பதில், உயில்.

செட்டில்மென்ட் பதிவான அன்றே சொத்து கைமாறிவிடும். மனம் மாறினால் நீங்களாக ரத்து செய்ய முடியாது. குடும்பத்துக்குள் என்றால் தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. இந்த மலிவுதான் பலரை அவசரப்படுத்துகிறது. பின்னால் பிள்ளைகளுக்குள் வழக்கு நிச்சயம் என்று தெரிந்தால் செட்டில்மென்டே மேல். அப்போதும் பத்திர எழுத்தரிடம் சொல்லி இரண்டு வரி சேருங்கள்: "என் ஆயுள்வரை இவ்வீட்டில் குடியிருந்து அனுபவிக்க எனக்கு உரிமை உண்டு", "சொத்தைப் பெறுபவர் என்னைப் பராமரிக்க வேண்டும்". பிள்ளை கைவிட்டால், 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் கோட்டாட்சியரிடம் போக இரண்டாவது வரிதான் பிடி. அந்த நிபந்தனை இல்லாத பத்திரத்துக்கு இப்பிரிவு உதவாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிந்தைய தீர்ப்புகள் சற்று இளகியிருக்கின்றன. அதை நம்பி இறங்க வேண்டாம்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். பதிவும் கட்டாயமில்லை, செய்வது நல்லது. எத்தனை முறை மாற்றினாலும் கடைசி உயிலே செல்லும். இரண்டு சாட்சிகள் கட்டாயம். பங்கு வாங்காதவராக, உங்களைவிட இளையவராகப் பாருங்கள். நாளைக்குக் கோர்ட்டில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டுமே! பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டும்தான் எழுதலாம். அதில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு.

ஒன்றும் எழுதாமல் விட்டால்? இந்து ஆண் இறந்தால் மனைவி, பிள்ளைகள், தாய் ஆகியோருக்குச் சமபங்கு. பெண்ணுக்குத்தான் சிக்கல். கணவரை இழந்த, பிள்ளைகளும் இல்லாத பெண் தன் கூலியில் வாங்கிய மனை, பெற்ற தாய்க்குப் போகாது; முதலில் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். பெற்றோர் வழி வந்த சொத்து மட்டுமே அப்பா வழிக்குத் திரும்பும்.

சாவு வயசு பார்த்து வருவதில்லை. 2023 அக்டோபர் 17இல் எம். புதுப்பட்டி அருகே ரெங்கபாளையம் பட்டாசு வெடிவிபத்தில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். வயசான பிறகு உயில் என்பது வெடிமருந்தோடு வேலை பார்க்கிற ஊருக்குச் சரிவராத பேச்சு. கூலிக்குப் போகும் பெண்கள், குறிப்பாகப் பிள்ளையில்லாத விதவைகள், முப்பது வயதிலேயே எழுதிவிடலாம்.

வேலையில் இறந்தவருக்கான தொழிலாளர் இழப்பீடு உயிலில் அடங்காது. அவரைச் சார்ந்திருந்தவர்களுக்கு ஆணையர் பிரித்துக் கொடுப்பார். பேங்க் நாமினி பணத்தை வாங்குகிற ஆள் மட்டுமே, சொந்தக்காரர் அல்ல. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழும் யார் யார் வாரிசு என்று சொல்லுமே தவிர, யாருக்கு எவ்வளவு என்று பிரித்துத் தராது.