இத்தாலியர் இல்லத்து விருந்தினன்

இத்தாலிய மொழியிலே நன்னடக்கைக்குக் ‘கலாதேயோ’ என்னும் சொல் வழங்கிவருகின்றது. இச்சொல் ஒரு நூலின் பெயரினின்று பிறந்தது. பெனெவெந்தோ நகரத்துப் பேராயர் ஜொவான்னி தெல்லா காசா இயற்றிய அந்நூல், அவர் 1556-ஆம் ஆண்டிற் காலஞ்சென்றபின், 1558-இல் வெனிஸ் நகரில் அச்சேறிற்று. கல்லாத முதியவரொருவர் ஓர் இளைஞனுக்கு அறிவுரை பகர்வதாக அஃது அமைந்துளது.

அதன்கண் ஒரு வரலாறு கூறப்படுகின்றது. வெரோனா நகரத்து மேற்றிராணியார் ஜிபெர்த்தியின் இல்லத்தில் ரிச்சார்தோ என்னும் பிரபு சில நாள் விருந்தினராய்த் தங்கினார். அவர் குணநலங்களாற் சிறந்தவரே. எனினும், உண்ணுங்கால் உதட்டையும் வாயையும் விகாரமாய் அசைத்து, ஓசையெழ மெல்லும் வழக்கம் அவர்பால் இருந்தது. மேற்றிராணியார் பந்தியில் யாதொன்றும் கூறினாரல்லர். பிரபு விடைபெற்றுப் புறப்பட்டபொழுது, தம் இல்லத்து முதியவராகிய கலாதேயோ என்பாரை அவருக்கு வழித்துணையாக அனுப்பினார். அம்முதியவர் குதிரையேறி உடன்சென்று, பிரியுங் காலத்து, மேற்றிராணியார் அளிக்கும் பரிசு இதுவெனக் கூறி, அவ்வொரு குறையை இன்மொழியால் எடுத்துரைத்தார். அதுகாறும் அதனை அறியாதிருந்த பிரபுவின் முகஞ் சிவந்தது. ஆயினும் விரைவில் மனந்தேறி, மாந்தர் ஒருவர்க்கொருவர் வழங்கும் பரிசுகளெல்லாம் இத்தகையனவாயின் அவர் இன்னும் பெருஞ்செல்வராவர் என்று கூறி, தம் நன்றியைத் தெரிவிக்கச் சொன்னார்.

விருந்தினர்பாற் குறைகூறுதல் விருந்தோம்பற்கு இழுக்கன்றோ என்று சிலர் வினவக்கூடும். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. பலர் காணப் பந்தியிற் சொல்லாது, தனிவழியில், தக்காரொருவர் வாயிலாகச் சொல்லியதே அதன் சிறப்பு. ஆனால் வீட்டாரெல்லாரும் ஜிபெர்த்தி ஆகார். பெரும்பாலோர் வாளாவிருந்து, மறுமுறை அழையாதொழிவர். ஆதலின் விருந்தினனே முன்னறிந்து செல்லுதல் நலம்.

இக்காலத்து இத்தாலியர் வீட்டில், இல்லத்தலைவி உண்ணத் தொடங்குமுன் விருந்தினன் தொடங்கலாகாது. கைகளை மேசையின்கீழ் மறைத்தலும் முழங்கை ஊன்றுதலும் தகா. மணிக்கட்டு மேசை விளிம்பில் இருத்தல் வேண்டும். ஸ்பாகெத்தியைக் கத்தியால் நறுக்காது முட்கரண்டியாற் சுருட்டி உண்பர். அதன்பின் இறைச்சியோ மீனோ வருமாதலின், முதலுணவிலேயே வயிற்றை நிரப்புதல் அறியாமை. மீன் கலந்த பாஸ்தாவிற்குப் பாலாடைக்கட்டி கேட்பதை விரும்பார் பலர்.

முட்கரண்டியைப் பற்றி ஒரு செய்தி. 1608-இல் இத்தாலி சென்ற ஆங்கிலேயர் தாமஸ் கோரியட், அந்நாட்டார் இறைச்சி அறுக்குங்கால் அதனைக் கையாளுதலைக் கண்டு வியந்து, 1611-இல் வெளியிட்ட தம் நூலில் எழுதினார். எல்லார் விரலும் ஒருங்கே தூய்மையுடையன அல்லவாதலின், பொதுக்கலத்தில் விரல்படுவதை அவர் பொறார் என்பதே அவர் கண்ட காரணம். தாய்நாடு திரும்பியும் அவர் அதனை விடாமையால் நண்பரொருவர் அவரை எள்ளி நகையாடினார்.

கலத்தில் எஞ்சிய குழம்பை ரொட்டித்துண்டால் துடைத்துண்பதற்குச் ‘ஸ்கார்பெத்தா’, அதாவது சிறுசெருப்பு, என்பது வேடிக்கையான பெயர். சிறப்பு விருந்துகளில் இது தகாது. உறவினர் கூடிய பந்தியிலோ, சமைத்தவளை இதனினும் மகிழ்விப்பது வேறில்லை. ஐயமுறும் விருந்தினன் இல்லத்தலைவியின் கையைச் சற்றே நோக்கியிருப்பானாக. அவள் ரொட்டியை எடுப்பாளாயின் அவனும் எடுக்கலாம்.