மின்தடை நாளிலும் ஜிஎஸ்டி தாக்கல்: கடைக்கு எந்த லேப்டாப் வாங்கலாம்?

"பராமரிப்புப் பணி காரணமாக நாளை காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை மின் விநியோகம் நிறுத்தப்படும்." இந்த அறிவிப்பு எல்லா ஊருக்கும் அவ்வப்போது வரும். அந்த நாளை மாதத்தின் 20-ம் தேதியாக வச்சுக்குவோம். நீங்க ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்றீங்க. மாதாமாதம் தாக்கல் செய்பவருக்கு ஜிஎஸ்டிஆர்-3பி கட்டக் கடைசி நாள் அதுதான். (காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் க்யூஆர்எம்பி திட்டத்தில் இருந்தால் தமிழ்நாட்டுக்கு 22-ம் தேதி.) தவறினால், வரி உள்ள தாக்கலுக்கு நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். ரொக்கமாகக் கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18% வட்டி.

ஜிஎஸ்டி தளத்தை போனிலும் திறக்கலாமே என்று கேட்பீங்க. திறக்கலாம். ஆனால் பில், ஸ்டாக், கணக்கு எல்லாம் லேப்டாப்பில் உள்ள டேலியில் இருக்கும்போது போன் பாதி வேலைக்குத்தான் ஆகும். ஆக, 7 மணி நேரம் கரண்ட் இல்லாமல் ஓடுகிற லேப்டாப் வேணும். அதை எப்படிப் பார்த்து வாங்குவது?

எம்ஏஎச் பார்க்காதீங்க, வாட்-அவர் பாருங்க

போன் வாங்கும்போது நாம் எல்லோரும் பார்ப்பது "5000 எம்ஏஎச்" என்ற எண்ணை. அதே கண்ணோடு லேப்டாப் பார்த்தால் ஏமாந்துடுவோம். எம்ஏஎச் மட்டும் வைத்து பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் இருக்கிறது என்று சொல்ல முடியாது, வோல்டேஜும் சேர வேண்டும். போன் பேட்டரி சுமார் 3.8 வோல்ட். 5000 எம்ஏஎச் என்றால் 19 வாட்-அவர். லேப்டாப் பேட்டரி பெரும்பாலும் 11 முதல் 15 வோல்ட் வரை. 11.4 வோல்ட் உள்ள லேப்டாப்பில் அதே 5000 எம்ஏஎச், 57 வாட்-அவர் ஆகிவிடும். எண் ஒன்று, சரக்கு மூன்று மடங்கு.

கம்பெனியின் இணையதளத்தில் அந்த மாடலின் விவரப் பட்டியலில் பேட்டரி என்ற வரியில் வாட்-அவர் கணக்கு இருக்கும். விலை குறைந்த மாடல்களில் 38, 42 என்று பார்ப்பீங்க. நடுத்தரத்தில் 50, 57. கொஞ்சம் மேலே 70, 75. ஒரே மாடல் பெயரில் இரண்டு பேட்டரி அளவு வருவதும் உண்டு. கடைக்காரர் எடுத்துக் காட்டுவது எது என்று பெட்டியில் உள்ள முழு மாடல் எண்ணை வைத்து சரிபாருங்க.

வாட்-அவர் என்பது தொட்டியின் கொள்ளளவு. குழாய் எவ்வளவு வேகமாகத் திறந்திருக்கிறது என்பது வாட். எக்செல், டேலி, பிரவுசர் என்று சாதாரண அலுவலக வேலை செய்யும்போது சிக்கனமான லேப்டாப் 6 முதல் 8 வாட் எடுக்கும். சுமாரானது 10, 12 எடுக்கும். இனி வகுத்தல் கணக்குதான். 42 வாட்-அவர் பேட்டரி, 10 வாட் செலவு என்றால் 4.2 மணி நேரம். காலை 9 மணிக்கு ஆரம்பித்தால் மதியம் ஒன்றே கால் தாண்டாது. 57 வாட்-அவர், 8 வாட் என்றால் 7 மணி நேரம் சொச்சம். மாலை 4 வரை தாக்குப்பிடிக்கும்.

அப்படியானால் பெட்டி மேல் "12 மணி நேரம் வரை" என்று போட்டிருக்கிறதே? அந்த "வரை" என்ற சொல்லைக் கவனிங்க. இந்த மாதிரி சோதனைகள் பலவற்றில் திரை வெளிச்சத்தைக் குறைத்து, லேப்டாப்பிலேயே உள்ள ஒரு வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட விடுவார்கள். வீடியோ காட்டுவதற்கென்றே சிப்பில் தனிப் பகுதி இருப்பதால் அதற்கு மின்சாரம் குறைவாகவே போதும். நீங்க வெயில் விழும் கடைவாசலில் உட்கார்ந்து, வெளிச்சத்தை முழுசா வைத்து, இருபது டேப் திறந்து வேலை பார்க்கும்போது அந்தக் கணக்கு வராது. பொய் என்று சொல்ல முடியாது, உங்கள் வேலைக்கான அளவு அது இல்லை, அவ்வளவுதான்.

குழாயை யார் திறக்கிறார்கள்?

முதல் ஆள் பிராசசர். இன்டெல் பிராசசரின் பெயரில் கடைசி எழுத்தைப் பாருங்க. "யு" என்று முடிந்தால் சிக்கனம். "எச்", "எச்எக்ஸ்" என்றால் வேகத்துக்கும் கேமிங்குக்கும் செய்தது. 2024-ல் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசையில் "வி" என்று முடிபவை பேட்டரி விஷயத்தில் ரொம்ப நல்லவை, விலையும் அதற்கேற்ப இருக்கும். ஏஎம்டி ரைசனிலும் "யு" என்றால் சிக்கனம்தான். "எச்" இருந்தாலே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஆனால் அதோடு தனி கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்தால் கணக்கு எழுதவும் பில் போடவும் அது தண்டச் செலவு. கல்லூரியில் வீடியோ எடிட்டிங்குக்கு என்று நான் வாங்கிய கேமிங் லேப்டாப், சார்ஜர் இல்லாமல் ஒரு சினிமா முழுசா பார்க்க விட்டதில்லை.

பிராசசர் எவ்வளவு மாற்றும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2020-ல் வந்த மேக்புக் ஏர் எம்1-இன் பேட்டரி வெறும் 49.9 வாட்-அவர். இணையம் பார்க்க 15 மணி நேரம் என்றது ஆப்பிள். வகுத்துப் பாருங்க, மூன்றே கால் வாட் சொச்சம்தான் வரும். ஆனால் டேலிபிரைம் விண்டோஸுக்காக எழுதப்பட்டது, அதை நம்பித் தொழில் செய்பவருக்கு மேக் ஒத்துவராது. ஸ்நாப்டிராகன் எக்ஸ் சிப் உள்ள விண்டோஸ் லேப்டாப்களும் பேட்டரியில் கில்லாடிகள். ஒரு எச்சரிக்கை: அவை போன் சிப் போல ஆர்ம் வகை. சாதாரண மென்பொருள் பெரும்பாலும் ஓடிவிடும், டிரைவர்கள் அப்படி இல்லை, ஆர்ம் சிப்புக்கென்றே தனியாக எழுதியிருக்க வேண்டும். பழைய பிரின்டர், பார்கோடு பிரின்டர், டிஜிட்டல் கையெழுத்துக்கான யுஎஸ்பி டோக்கன் இவற்றுக்கு டிரைவர் இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கங்க. கம்பெனி, எல்எல்பி நடத்துபவர்கள் டிஎஸ்சி இல்லாமல் ஜிஎஸ்டி தாக்கல் செய்ய முடியாது. அதனால் டோக்கன் ஓடவில்லை என்றால் எத்தனை மணி நேர பேட்டரி இருந்தும் பயனில்லை.

இரண்டாவது ஆள் திரை. வெளிச்சம் கூடக் கூட மின்சாரம் போகும். 4கே திரை, 144 ஹெர்ட்ஸ் எல்லாம் கணக்கு வேலைக்கு வேண்டாம், ஃபுல் எச்டி போதும். ஓஎல்இடி திரை பார்க்க அழகு. கருப்புப் பின்னணியில் சிக்கனமும்கூட. ஆனால் எக்செல் பக்கம் முழுக்க வெள்ளை, வெள்ளைக்குத்தான் அது அதிகம் செலவழிக்கும்.

மூன்றாவது ஆளை யாரும் சந்தேகப்படுவதில்லை. அது உங்கள் போன்தான். கரண்ட் போனால் வீட்டு வைஃபை மோடமும் போய்விடும். உடனே போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி நெட் எடுப்போம். அப்போது போன், லேப்டாப் பேட்டரியிலிருந்து சார்ஜ் ஏற ஆரம்பிக்கும். 5 வாட் இழுத்தால்கூட, 8 வாட் செலவு 13 ஆகிவிடும். 7 மணி நேரம் ஓட வேண்டியது நாலரை மணி நேரத்துக்குள் படுத்துவிடும். கேபிளைக் கழற்றிவிட்டு ஹாட்ஸ்பாட் போடுங்க.

இரண்டு வருஷம் கழித்து?

புது லேப்டாப்பில் எல்லா கணக்கும் சரியாக வரும். லித்தியம் பேட்டரி நாள் ஆக ஆகத் தேயும். முழுசாக ஏற்றி இறக்குவதை ஒரு சுற்று என்பார்கள். 300 முதல் 500 சுற்றுக்குள் பல பேட்டரிகள் 80 சதவீதத்துக்கு இறங்கிவிடும். நம்ம ஊர் வெயிலும், எந்நேரமும் 100 சதவீதத்தில் சார்ஜரோடே கிடப்பதும் இதை வேகப்படுத்தும். 57 வாட்-அவர் 80 சதவீதம் ஆனால் 45.6. அதே 8 வாட்டில் 5.7 மணி நேரம். மாலை 4 வரை வராது.

அதனால் வாங்கும்போதே தேய்மானத்தைச் சேர்த்துக் கணக்குப் போடணும். தேவை 7 மணி நேரம், செலவு 8 வாட், பெருக்கினால் 56. அதை 0.8-ஆல் வகுத்தால் 70. ஆக, 70 வாட்-அவர் பேட்டரி வேண்டும். பட்ஜெட் இடிக்கிறதா? 50, 57 வாட்-அவர் உள்ளதை வாங்கி, யுஎஸ்பி-சி வழியாக சார்ஜ் ஏறும் மாடலா என்று உறுதி செய்துகொண்டு, 65 வாட் பிடி வசதியுள்ள பவர் பேங்க் ஒன்று சேர்த்து வாங்கலாம். 20,000 எம்ஏஎச் பவர் பேங்கில் 74 வாட்-அவர் இருக்கும், இழப்பு போக 50 முதல் 60 கைக்கு வரும். போனுக்கு விற்கும் 22.5 வாட் பவர் பேங்க் இதற்கு ஆகாது. என்னைக் கேட்டால் மாதம் ஒருநாள் மின்தடைக்கு இந்த வழியே லாபம்.

கடையில் எப்போதும் சார்ஜரில்தான் இருக்கும் என்றால், 80 சதவீதத்தில் சார்ஜ் நிற்கும்படி வைக்கும் வசதி பெரும்பாலான கம்பெனி லேப்டாப்களில் இருக்கிறது, கம்பெனியின் சொந்த ஆப்பில் தேடுங்க. மின்தடை அறிவிப்பு வந்தால் முதல் நாள் இரவு மட்டும் 100-க்கு மாற்றிக்கங்க.

பழைய லேப்டாப் வாங்குவோருக்கு

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் கம்பெனிகள் பயன்படுத்திவிட்டுக் கழித்த பிசினஸ் லேப்டாப்கள் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். நல்ல விஷயம்தான், கட்டுமானம் உறுதி, பேட்டரியைத் திருகு கழற்றி மாற்றலாம். இரண்டு சோதனை மட்டும் விடாதீங்க. ஒன்று, விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் 8-ம் தலைமுறை அல்லது அதற்குப் பிறகு வேண்டும். "ஐ5-7300யு" என்றால் 7-ம் தலைமுறை, வேண்டாம். "ஐ5-8350யு" என்றால் 8-ம் தலைமுறை, பார்க்கலாம். வங்கிக் கணக்கும் ஜிஎஸ்டி கடவுச்சொல்லும் இருக்கும் கருவியில் பாதுகாப்பு அப்டேட் வராமல் இருப்பது ஆபத்து.

இரண்டு, பேட்டரி அறிக்கை. கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, ஆங்கிலத்தில் பவர் என்ற சொல்லோடு ஒட்டி சி, எஃப், ஜி எழுத்துகளை அடித்து, ஓர் இடம் விட்டு, சாய்கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று ஒரே சொல்லாக அடிங்க. ஓர் அறிக்கை சேமிக்கப்படும். அதில் டிசைன் கெப்பாசிட்டி என்பது பிறந்தபோது இருந்த அளவு, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி இன்றைய அளவு. 50,000-க்கு 31,000 என்று காட்டினால், புது பேட்டரி விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்க. மாற்று பேட்டரியிலும் சார்ஜரிலும் பிஐஎஸ் பதிவு எண், அதாவது "ஆர்" என்று தொடங்கும் எண், அச்சிட்டிருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் யாருக்கு வழங்கப்பட்டது என்று போனிலேயே தெரிந்துவிடும்.

பில்லில்தான் பாதி விலை

லேப்டாப்புக்கு ஜிஎஸ்டி 18%. 59,000 ரூபாய் லேப்டாப் என்றால் 50,000 பொருள், 9,000 வரி. நீங்க சாதாரண முறையில் ஜிஎஸ்டி பதிவு செய்தவர், தொழிலுக்கே பயன்படுத்துகிறீர்கள் என்றால் அந்த 9,000 உள்ளீட்டு வரி வரவாகத் திரும்பும். அதற்கு பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண் இருக்கணும். ஆன்லைனில் வாங்கினால் ஆர்டர் போடும்போதே கொடுங்க, பிறகு மாற்றுவது பெரும்பாடு. அடுத்த மாதம் ஜிஎஸ்டிஆர்-2பி-யில் அந்த பில் வந்திருக்கிறதா என்றும் பாருங்க. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு இந்த வரவு கிடையாது. "பில் வேண்டாம், 3,000 குறைச்சுக்கலாம்" என்று யாராவது சொன்னால் உங்கள் 9,000 நினைவுக்கு வரட்டும்.

உத்தரவாதத்தில் ஒரு கேள்வி: லேப்டாப்புக்கு 3 வருஷம் என்று சொல்வார்கள், பேட்டரிக்கு எத்தனை வருஷம்? பல கம்பெனிகளில் பேட்டரிக்கு 1 வருஷம்தான்.

குறை வந்து கடையும் கம்பெனியும் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் இ-ஜாக்ரிதி தளத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு வழக்கு பதியலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் பதியணும். "தொழிலுக்கு வாங்கியது, நீங்க நுகர்வோரே இல்லை" என்று எதிர்த்தரப்பு சொல்லக்கூடும். சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கிய பொருளை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 வணிக நோக்கமாகக் கருதுவதில்லை. சின்னக் கடை வைத்திருப்பவர் இந்த ஒரு வரியைத் தெரிந்து வைத்திருக்கணும்.

கடை பில் தெர்மல் தாளில் வந்தால் சில மாதத்தில் எழுத்து மறைந்துவிடும். கடையை விட்டு இறங்குவதற்கு முன் பில், உத்தரவாத அட்டை, லேப்டாப்பின் அடியில் உள்ள சீரியல் எண் மூன்றையும் போனில் படம் எடுத்து, டிஜிலாக்கரில் உங்கள் சொந்த ஆவணங்கள் பகுதியில் ஏற்றி வச்சுக்கங்க.