தீ வருமுன் காப்பு: வீட்டில் இருக்க வேண்டிய சாதனங்கள்

கள்ளக்குறிச்சி மாவட்டத்துச் சங்கராபுரத்தில் 2021ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள், தீபாவளி நெருங்கிய வேளையில், பட்டாசுக் கடை ஒன்று தீப்பற்றி வெடித்தது. தீ அக்கடையோடு நிற்கவில்லை. அடுத்த பேக்கரியில் இருந்த எரிவாயு உருளைகளும் வெடித்தன. ஐவருக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அண்டை வீட்டில் எழும் தீ நம் வீட்டுத் தீயே என்பதை அந்நாள் நமக்கு உணர்த்திற்று.

வெடிமருந்தில் பற்றிய தீயை எவராலும் கையால் அணைக்க இயலாது. விலகி ஓடுவதே வழி. ஆனால் நம் இல்லங்களில் தீ பெரும்பாலும் சிறிதாகவே தொடங்குகிறது. அடுப்பிலிருந்து தெறித்த பொறி, அளவு மீறிக் காய்ந்த எண்ணெய், உறை கிழிந்த மின்கம்பி ஆகியவை அதன் தோற்றுவாய்கள். அந்த முதற் சில நிமிடங்கள் தீயணைப்பு நிலையத்தாருக்கு உரியவை அல்ல; வீட்டாருக்கு உரியவை. கல்வராயன் மலையில் வெள்ளிமலையைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களுக்கு வண்டி வளைபாதை ஏறி வர வேண்டும். அதற்குள் புல் வேய்ந்த வீடு சாம்பலாகிவிடும்.

நெசவாளர் வீட்டில் தறியேறிய பாவு சங்கத்தின் நூல். விவசாயி வீட்டில் அடுக்கிய மூட்டை ஆண்டு முழுவதற்குமான சோறு. ஆகவே இப்பாடம் நம் அனைவருக்கும் உரியது.

1. தீயின் வகையறிதல்

மரம், துணி, நூல், கூரை ஆகியவற்றில் பற்றிய தீக்கு நீரே சிறந்தது. எரியும் எண்ணெயில் நீர் ஊற்றலாகாது. நீர் நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை நாற்புறமும் வீசிவிடும். அடுப்பை அணைத்து, வாணலியைத் தட்டமான மூடியால் மூடி, ஆறும்வரை திறவாதிருத்தல் வேண்டும். மின்சாரத் தீயெனில் முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துக. அதற்கு முன் நீர் கூடாது.

2. எதை முதலில் வாங்குவது?

பணம் குறைவாக உள்ள குடும்பம் கீழ்க்கண்ட வரிசையைக் கைக்கொள்ளலாம்.

முதலாவது, செலவில்லாதவை: மணல் நிறைந்த வாளி இரண்டு, நீர் நிறைந்த தொட்டி, நனைத்துப் போர்த்தச் சாக்கு, எரியும் கூரையை இழுத்துத் தள்ள நீண்ட துரட்டி, கூரைமேல் ஏற ஏணி.

இரண்டாவது, எரிவாயுக் குழாய். ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற குழாயை வாங்கி, ஐந்தாண்டுக்கு ஒரு முறை மாற்றுதல் வேண்டும். வெடிப்புக் கண்டால் அன்றே மாற்றுக.

மூன்றாவது, ஆர்.சி.சி.பி. என வழங்கும் மின்கசிவுத் துண்டிப்பான். 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளது வீட்டிற்கு ஏற்றது. மின்சாரம் சிறிது கசிந்தாலும் அது இணைப்பைத் துண்டித்துவிடும். மிகையான பளுவால் கம்பி சூடேறுவதைத் தடுக்க எம்.சி.பி.யும் உடன் இருத்தல் வேண்டும்.

நான்காவது, ஏ.பி.சி. வகை உலர்பொடித் தீயணைப்பான். நூல், எண்ணெய், மின்சாரம் ஆகிய மூவகைத் தீக்கும் இது பயன்படும். ஊசியை உருவி, குழல்முனையைத் தழலின் அடிப்பாகத்தை நோக்கிப் பிடித்து, கைப்பிடியை அழுத்தி, இடமும் வலமுமாக வீசுக. சிறிய கருவியின் பொடி சில விநாடிகளில் தீர்ந்துபோகும். ஆதலால் பெருந்தீயோடு அதை வைத்துக்கொண்டு போராடலாகாது. அடுப்பின் தலைமேல் மாட்டாது, வெளிவாயிலருகே மாட்டுக. அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று மாதந்தோறும் நோக்குக.

பூட்டிய அறையில் வைத்த கருவியும், பயன்படுத்தத் தெரியாதவர் கையிலுள்ள கருவியும் வீட்டிற்கு அணிகலனே அன்றிக் காவல் அல்ல.

3. எரிவாயு கசிந்தால்

எரிவாயு காற்றினும் கனமுடையது. தரையோடு படிந்து நிற்கும். நாற்றம் கண்டவுடன் ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, யாவரும் வெளியேறுதல் வேண்டும். விளக்கின் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. வெளியே வந்த பின்னரே 1906 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். தீ மூண்டுவிட்டால் 101 அல்லது 112 என்ற எண்ணுக்குத் தெரிவிக்கலாம்.

4. தறியும் களமும்

கஞ்சி காய்ச்சும் அடுப்பும் சாய அடுப்பும் நூலிருக்கும் அறையில் இருத்தலாகாது. விளக்கை நூல் அட்டிக்கு அருகே தொங்கவிடாதீர்கள். தறிக்கூடத்தில் புகைபிடித்தல் அறவே கூடாது. வைக்கோற்போரை வீட்டுச் சுவரையொட்டி அமைப்பது நெருப்புக்குப் பாலம் கட்டுவதாகும். காற்றோங்கும் கோடைநாளில் கரும்புச் சோகையைக் கொளுத்தாதீர்கள். அது மண்ணுக்கு உரமாகட்டும்.

கூரை முழுவதும் பற்றிவிட்டால் மாடுகளை அவிழ்த்துவிட்டு யாவரும் வெளியேறுக. நூலுக்காகவும் நகைக்காகவும் மீண்டும் உட்புகலாகாது. ஆடையில் தீப்பற்றியவர் ஓடலாகாது. தரையில் புரள வேண்டும். தீப்புண்ணில் இருபது நிமிடம் தண்ணீர் ஓடவிடுக. மையும் பற்பசையும் தடவற்க.

5. சங்கம் செய்யத்தக்கது

ஒருவர் தனித்து வாங்க இயலாத கருவியைத் தெருவார் பத்துக் குடும்பமாகச் சேர்ந்து வாங்கலாம். சங்கம் மொத்தமாக வாங்கி, விலையைத் தவணையில் பெறலாம். ஆண்டிற்கு ஒரு முறை தீயணைப்பு நிலையத்தாரை அழைத்து, மகளிரும் காணுமாறு செய்முறைப் பயிற்சி நடத்துவது நன்று. அடுப்பருகே இருப்பவர் பெரும்பாலும் அவர்களே அல்லரோ!

கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

(1) நம் தெருவில் தீ எழுந்தால் முதல் வாளி நீர் எங்கிருந்து வரும்?
(2) உங்கள் வீட்டு எரிவாயுக் குழாய் எந்த ஆண்டு வாங்கியது?
(3) மெயின் சுவிட்ச் இருக்குமிடம் வீட்டிலுள்ள குழந்தைகளுக்குத் தெரியுமா?

இம்மூன்றுக்கும் விடை கூற இயலாதவர், இன்று மாலையே வீடு சென்று விடை தேடுவாராக.