நம் காலடியில் அசையும் புவியோடு



நம் பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவர்களுடன் ஒருமுறை நாம் சிங்கப்பூருக்குக் கல்விச் சுற்றுலா மேற்கொண்டோம். ஜொகூர் பாலத்தைக் கடந்து, சிராங்கூன் சாலையில் ஸ்ரீ வீரமாகாளியம்மனை வணங்கியபின், தேக்கா சந்தைக்கு அருகில் உள்ள அடுக்குமாடி வீடொன்றுக்குச் சென்றோம். நம் தோட்டத்தில் பால்மரம் வெட்டி வாழ்ந்து, பின்னர் மகனுடன் அங்குக் குடியேறிய மூதாட்டி ஒருவரின் இல்லம் அது.

அவர் நமக்குத் தேநீர் அளித்துவிட்டு, ஒரு செய்தியைக் கூறினார். 2009ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் மாலை, சுவாமி படத்தின் முன் தொங்கிய விளக்கு தானாகவே ஆடியதாம். தமக்குத் தலைசுற்றல் என்றெண்ணி அவர் படுத்துக்கொண்டாராம். கீழே இறங்கிய அண்டை வீட்டார் வந்து அழைத்த பின்னரே அது நிலநடுக்கம் என அறிந்தாராம். சுமத்திராவின் பாடாங் நகரில் அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அப்போது மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, பாடாங் இங்கிருந்து ஏறத்தாழ 450 கிலோமீட்டர் தொலைவில் உள்ளதே! அங்கு நிலம் நடுங்கினால் இங்கு விளக்கு ஆடுவானேன்?” என வினவினாள். நல்ல வினா. அதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புவியோடு என்பது யாது?

நாம் வாழும் பூமியின் மேல்தோலே புவியோடு. கண்டங்களின் கீழ் இது சராசரியாக 35 கிலோமீட்டர் தடிமனும், பெருங்கடல்களின் கீழ் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தடிமனும் உடையது. பூமியை ஒரு மாங்காயாகக் கொண்டால், அதன் தோலைவிடவும் இது மெல்லியது எனலாம். மனிதர் தோண்டிய மிக ஆழமான துளை உருசிய நாட்டின் கோலா தீபகற்பத்தில் உள்ளது. அதன் ஆழமோ 12,262 மீட்டர்தான்.

அவ்வாறாயின், காணவியலாத ஆழத்தை அறிஞர் எங்ஙனம் அளந்தனர்? மருத்துவர் மார்பில் தட்டி ஓசையால் உள்நிலை அறிவதுபோல, அவர்கள் நிலநடுக்க அலைகளைக் கொண்டு அறிந்தனர். 1909ஆம் ஆண்டு குரோவாசிய நாட்டு அறிஞர் மொகொரோவிசிச், குறிப்பிட்ட ஆழத்திற்குக் கீழே அந்த அலைகள் திடீரென விரைந்து செல்வதைக் கண்டார். அங்கே புவியோடு முடிந்து வேறு பாறை தொடங்குகிறது என முடிவு செய்தார்.

புவியோடும் அதன் அடியில் உள்ள கடினப் பாறையும் சேர்ந்து பல தட்டுகளாகப் பிளவுண்டு, மெல்ல நகர்கின்றன. சுமத்திராவின் மேற்கே, கடலடித் தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வீதம் நகர்ந்து, நம் தட்டின் அடியில் நுழைகின்றது. நகம் வளரும் வேகத்தை ஒத்த நகர்வே அது. எனினும் இரு தட்டுகளும் ஒன்றையொன்று கவ்விக்கொள்வதால், நூற்றாண்டுக் கணக்கில் அழுத்தம் சேர்ந்து, ஒருநாள் விடுபடுகிறது. அதுவே பெரும் நிலநடுக்கம்.

கல்லும் களிமண்ணும்

சிங்கப்பூரின் நடுவே நிற்கும் புக்கிட் தீமா குன்றின் உயரம் 163 மீட்டர். அதன் கருங்கல், 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர்ப் புவியோட்டின் ஆழத்தில் உருகிய பாறை குளிர்ந்து உண்டானது. 1924ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஜொகூர் பாலத்திற்கு இக்குன்றிலிருந்தும் உபின் தீவிலிருந்தும் கல் எடுத்தனர். ஆகவே, அன்று காலை நம் பேருந்து அப்பழங்கல்லின் மீதுதான் ஓடிவந்தது!

ஆனால் ரோச்சோர் கால்வாய்ப் பக்கமும் காலாங் ஆற்றுப்படுகையிலும் உள்ளது கடல் படிவித்த மென்களிமண். தொலைவிலிருந்து வரும் அலைகளில் விரைவாய் அதிர்வன வழியிலேயே தேய்ந்துவிடும். மெதுவாய் அசைவன மட்டும் வந்துசேரும். மென்களிமண் அவ்வசைவைப் பெருக்கும். உயர்ந்த கட்டடமும் மெதுவாய் அசையும் இயல்பினதாதலால், அந்த அலைக்கு இசைந்து ஆடும்.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். நீண்ட ஈர்க்கு ஒன்றையும் குட்டையான ஈர்க்கு ஒன்றையும் களிமண் உருண்டையில் நட்டு, இரண்டின் நுனியிலும் சிறு எலுமிச்சங்காயைச் செருகுங்கள். உருண்டையை மெதுவாக அசைத்தால் நீண்டது ஆடும். விரைவாக அசைத்தால் குட்டையானது துடிக்கும். மூதாட்டியின் மாடிவீடு நீண்ட ஈர்க்கு. நம் தோட்டத்து வீடு குட்டை ஈர்க்கு. விளக்கு ஆடிய காரணம் இப்போது விளங்குகின்றதன்றோ?

பவளம் எழுதிய ஏடு

சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் புவி நோக்காய்வகம் ஒன்று உள்ளது. அதன் முதல் இயக்குநரான கெர்ரி சீ, சுமத்திராத் தீவுகளின் பவளப் பாறைகளை ஆராய்ந்தவர். பவளம் கடலின் தாழ்நீர் மட்டம் வரையே வளரும். தீவு அமிழ்ந்தால் அது மேல்நோக்கி வளரும். நிலநடுக்கத்தால் தீவு உயர்ந்தால், நீருக்கு வெளியே வந்த பகுதி மடியும். மரத்தின் வளையங்கள்போல் பவளத்திலும் ஆண்டு வரிகள் உண்டு. அவற்றை எண்ணியே 1797, 1833 ஆகிய ஆண்டுகளின் பெரும் நிலநடுக்கங்களில் நிலம் எவ்வளவு உயர்ந்தது என்பதை அறிஞர் கணித்தனர்.

2021ஆம் ஆண்டு அவ்வாய்வகத்தார் மற்றொரு வியப்பை வெளியிட்டனர். சிமெலு தீவின் பவளங்களில், 1829ஆம் ஆண்டளவில் தீவு அமிழும் வேகம் மாறியிருந்தது. தட்டுகள் ஓசையின்றி 32 ஆண்டுகள் மெல்ல வழுக்கிய பின்னரே, 1861இல் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தது. புவியோடு உறங்குவதாக நாம் எண்ணும் காலத்திலும் அது அசைந்துகொண்டிருக்கலாம்.

அறிவே அரண்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளை நாம் மறத்தற்கில்லை. சுமத்திராவின் அருகே கடலடியில் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்திற்கு நிலம் பிளந்தது. ஆழிப்பேரலை தமிழகக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரமாயிற்று. அவ்விரண்டு மணி நேரத்தில் நாகப்பட்டினத்து மக்களுக்கு ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். நம் பாட்டன்மார் கப்பலேறிய துறைமுகமல்லவா அது!

ஆயின் நடுக்க மையத்திற்கு மிக அருகிலிருந்த சிமெலு தீவில், ஏறத்தாழ 78,000 மக்களுள் மாண்டோர் எழுவரே. 1907ஆம் ஆண்டின் பேரலையை அத்தீவு மக்கள் மறக்கவில்லை. ‘நிலம் கடுமையாக நடுங்கிக் கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடு’ என்னும் அறிவுரையைப் பாட்டிமார் பேரர்க்குக் கதையாகச் சொல்லி வந்தனர். கதை கேட்ட பிள்ளைகள் பிழைத்தனர். பின்னர், 2007ஆம் ஆண்டு ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் நிறுவப்பட்டது.

நிலநடுக்கம் எந்நாளில் வரும் என உரைக்க எவராலும் இயலாது. ஆனால் வந்தால் செய்ய வேண்டியதை அறிந்திருக்க எவராலும் இயலும். விடைபெறும்போது அம்மூதாட்டி, “இனி விளக்கு ஆடினால் மாத்திரை தேடமாட்டேன், ஐயா” என்று நகைத்தார். மாணவச் செல்வங்களே, நீங்களும் இப்பாடத்தை இன்றிரவே உங்கள் வீட்டுப் பெரியோர்க்குச் சொல்லுங்கள்.

பயிற்சி

1. கடலடியிலும் கண்டத்தின் கீழும் புவியோட்டின் தடிமன் எவ்வாறு வேறுபடுகிறது?
2. பவளம் கடந்தகால நிலநடுக்கத்தை எங்ஙனம் காட்டுகிறது?
3. கடற்கரையில் நிற்கும்போது நிலம் நடுங்கினால் நீங்கள் செய்ய வேண்டுவது யாது?