துளையிட்ட மேலுறை: நம்புவதும் நடப்பதும்

"நாப்கினின் மேல் பக்கம் பஞ்சுத் துணி."

பெரும்பாலும் இல்லை. கடையில் வாங்கும் நாப்கினிலும் டயப்பரிலும் தோலைத் தொடும் வெள்ளை மேலுறை, அநேகமாக பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். பிளாஸ்டிக்கை உருக்கிச் சன்ன இழைகளாக இழுத்து, பரப்பி, சூட்டில் ஒட்டவைத்தால் நான்-ஓவன், அதாவது நெய்யாத துணி, தயார். தறி இல்லை, ஊடும் பாவும் இல்லை. துணிப்பை என்று நம்பி வாங்கினோமே, அந்த நான்-ஓவன் பையும் இதே இனம்தான். 2019 சனவரி 1 முதல் தமிழ்நாடு தடை செய்த பொருட்களில் அதுவும் ஒன்று.

"துளை பெரிதானால் நிறைய உறிஞ்சும்."

மேலுறையின் வேலை வழிவிடுவது மட்டுமே. பாலிப்ரொப்பிலீனில் இயல்பாகத் தண்ணீர் ஒட்டாது. அதனால் ஈரத்தை ஏற்கும் பூச்சு கொடுக்கிறார்கள். துளையிட ஒரு வழி, சூடான ஊசிகள் பதித்த உருளையில் துணியை ஓட்டுவது. விளிம்பு உருகி இறுகிவிடுவதால் துளை மூடிக்கொள்ளாது. நல்ல துளை புனல் போல மேலே அகன்று கீழே குறுகியிருக்கும். இறங்கிய ஈரம் திரும்பி வருவது அதனால் குறையும். அளவு மீறிப் பெரிதாக்கினால், உட்காரும்போது அழுத்தத்தில் ஈரம் மேலேறித் தோலை நனைக்கும்.

உறிஞ்சுவது அடியில் இருக்கும் மரக்கூழும் ஜெல்லும். மலிவு நாப்கின் இயந்திரம் செய்த கோவை அருணாசலம் முருகானந்தமும் முதலில் பஞ்சில்தான் முயன்றார். அது சரிவரவில்லை. பெரிய நிறுவனங்கள் பயன்படுத்துவது மரத்திலிருந்து எடுத்த செல்லுலோஸ் என்று பிறகுதான் கண்டுபிடித்தார். 2016இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

"மேலே உலர்வாக இருக்கிறது, மாற்ற வேண்டாம்."

என்னைப் பொறுத்தவரை, இருப்பதிலேயே கெடுதலான நம்பிக்கை இதுதான். உலர்ந்திருப்பது மேலுறை மட்டும். அடியில் எல்லாம் அப்படியே தேங்கியிருக்கிறது. வெப்பமும் ஈரமும் உராய்வும் சேர்ந்தால் அரிப்பும் தடிப்பும் வரும். உதிரப்போக்கு குறைவாக இருந்தாலும் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் மாற்றிவிடுவது நல்லது. கழிப்பறை சரியில்லாத பள்ளியில் ஒரு சிறுமி அதை எங்கே போய் மாற்றுவாள்? நாப்கின் கொடுத்துவிட்டால் மட்டும் கடமை முடிந்துவிடாது.

"ஆற்றில் போட்டால் கரைந்துவிடும்."

கரையாது. பாலிப்ரொப்பிலீன் தண்ணீரைவிட இலேசானது, மிதக்கும். மக்கப் பல தலைமுறைகள் ஆகும். காவிரியையே பாருங்கள்: ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இரண்டாகப் பிரிந்து ஊரைத் தீவாக்கிவிட்டு மீண்டும் சேர்கிறது. பிறகு சிவனசமுத்திரம், ஒகேனக்கல் வழியாக மேட்டூருக்கு வருகிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் எறிந்த மேலுறைக்கும் இதுவே வழி. கழிப்பறையில் போட்டாலும் கரையாது, குழாயை அடைத்துக்கொள்ளும்.

பயன்படுத்தியதை உறையிலோ தகுந்த பொருளிலோ நன்றாகச் சுற்றி உலர் கழிவுத் தொட்டியில் போட வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வகுத்தன. சுற்றிப்போட உறை தரும் பொறுப்பைத் தயாரிப்பாளர்களுக்கும் வைத்தன. சுற்றாமல் போட்டால் அதை வெறுங்கையால் பிரிப்பவர் ஒரு தூய்மைப் பணியாளர். தயவுசெய்து சுற்றி, மேலே ஒரு குறியிட்டுக் கொடுங்கள்.