மார்ச் மாதச் சைக்கிளும் மறந்துபோன கால்களும்

நெதர்லாந்து நாட்டில் மக்கள்தொகையைவிடச் சைக்கிள்களின் எண்ணிக்கை அதிகம். பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் மழையானாலும் பனியானாலும் சைக்கிளிலேயே போகிறவர்கள் அங்கே ஏராளம். ஆனால் அவர்களிலும் பலர் விடுமுறை நாளில் அறுபது, எண்பது கிலோமீட்டர் சுற்றிவரும் நீண்ட பயணங்களைக் குளிர்காலத்தில் நிறுத்திவைத்து விடுவார்கள். குளிர் மட்டும் இதற்குக் காரணமன்று, பகலும் சுருங்கிவிடுகிறது. ஆம்ஸ்டர்டாம் நகரில் டிசம்பர் 21 வாக்கில் பகற்பொழுது சுமார் 7 மணி 40 நிமிடம்தான். மார்ச் 20 வாக்கில் அது 12 மணி நேரத்தைத் தாண்டுகிறது. அப்போது நீண்ட பயணக்காரர்கள் மீண்டும் சாலைக்கு வருகிறார்கள்.

இங்கே ஒரு புதிர் எழுகிறது. அக்டோபரில் 60 கிலோமீட்டரைப் பேசிச் சிரித்தபடியே கடந்த ஒருவர், மார்ச்சில் 30 கிலோமீட்டர் போவதற்குள் மூச்சு வாங்கி, கால் கனத்து நின்றுவிடுகிறார். அதே சைக்கிள், அதே பாதை, அதே ஆள். இடையில் மாறியது என்ன?

முதலில் குறைவது இரத்தம்

மிதிக்கும் தசைகளுக்கு ஆக்சிஜன் வேண்டும். அதை இரத்தம் சுமந்து செல்கிறது. இதயம் அதைத் தள்ளிவிடுகிறது. நாள்தோறும் நீண்ட நேரம் உழைப்பவர் உடலில் இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடுகிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தமும் கூடுவதால், ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் அதிக இரத்தத்தை வெளியேற்ற முடிகிறது. உழைப்பு நின்றால் உடல் இந்தக் கூடுதல் இரத்தத்தை வைத்திருப்பதில்லை.

1984ஆம் ஆண்டில் எட்வர்டு காயில் என்பவரும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை அளந்து காட்டியது. நன்கு பயிற்சி பெற்ற ஏழு பேர் 84 நாட்கள் பயிற்சியை நிறுத்தினார்கள். உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் அளவு முதல் மூன்று வாரங்களில் 7 சதவீதம் குறைந்தது. 56 நாட்களுக்குப் பின் 16 சதவீதக் குறைவில் வந்து நின்றது. முதலில் ஏற்பட்ட சரிவுக்கு இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் இரத்தம் குறைந்ததே முக்கியக் காரணம். பின்னர் தசைக்குள் ஆக்சிஜனைக் கொண்டு சக்தி உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் நொதிகளும் குறைந்தன.

ஆனால் அதே ஆய்வில் ஒரு நல்ல செய்தியும் இருந்தது. தசைகளுக்குள் பயிற்சியால் பெருகியிருந்த நுண்ணிய இரத்தக் குழாய்களான தந்துகிகள் குறையவே இல்லை! வாய்க்காலில் நீர் வற்றியிருந்தது, வாய்க்கால் தூர்ந்துவிடவில்லை.

ஏமாற்றும் மூச்சு

அப்படியானால் முதல் நாளே முழுத் தூரத்தையும் மிதித்துப் பழகிவிடலாமா? கூடாது. உடலின் எல்லா உறுப்புகளும் ஒரே வேகத்தில் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. பிளாஸ்மா சில நாட்களிலேயே கூடத் தொடங்கும். தசைகளுக்குப் பல வாரங்கள் வேண்டும். தசையை எலும்புடன் பிணைக்கும் தசைநாண்களுக்கு இரத்த ஓட்டம் குறைவு. அவை உரம்பெற இன்னும் அதிக காலம் ஆகும். இரண்டே வாரத்தில் மூச்சு சீராகிவிட்டது கண்டு, "நான் தயார்" என்று நினைப்பவர் தூரத்தைத் திடீரென இரட்டிப்பாக்குகிறார். அப்போது வலிப்பது முழங்கால்! ஆகவே தூரத்தை வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும்.

காற்றின் கணக்கு

நெதர்லாந்து சமவெளி நாடு. அங்கே சைக்கிள்காரரின் மலை, காற்றுதான். காற்றின் தடை, நம்மீது மோதும் காற்று வேகத்தின் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) ஏற்ப வளர்கிறது. ஒருவர் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் செல்கிறார், காற்றின் வேகம் 15 கி.மீ. என்று கொள்வோம். எதிர்க்காற்றானால் அவர்மீது மோதும் வேகம் 20 + 15 = 35. பின்காற்றானால் 20 – 15 = 5. முன்னது பின்னதைப்போல் 7 மடங்கு; எனவே காற்றின் தடை 7 × 7 = 49 மடங்கு!

குளிரையும் இத்துடன் சேர்த்துக்கொள்ளுங்கள். வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் காற்று முகத்தில் மோதினால், தோலுக்கு அது ஏறத்தாழ 0 டிகிரி போலத் தோன்றும். உடை வியர்வையில் நனைந்திருந்தால் வெப்பம் இன்னும் விரைவாக வெளியேறும். அதனால்தான் அனுபவசாலிகள் போகும்போது காற்றை எதிர்த்தும், திரும்பும்போது காற்றோடும் வருமாறு பாதையை வகுக்கிறார்கள். மாற்றிச் செய்தால், களைத்து வியர்த்த உடலோடு எதிர்க்காற்றில் வீடு திரும்ப வேண்டியிருக்கும்.

பசியின் அடி

தசைகளிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருள் சேமிப்பு உண்டு. பெரியவர் உடலில் இது சுமார் 400 முதல் 500 கிராம். ஒரு கிராமுக்கு 4 கலோரி என்று வைத்தால் 1600 முதல் 2000 கலோரி ஆகிறது. பயிற்சி விட்டுப்போன தசை கொழுப்பைக் குறைவாகவும் கிளைக்கோஜனை அதிகமாகவும் எரிக்கும். சேமிப்பு விரைவில் தீரும். அப்போது கால் நடுங்கும், கண் இருளும். டச்சு மொழியில் இதற்கு "ஹோங்கர்க்ளோப்", அதாவது "பசியின் அடி" என்று பெயர். பசிக்கும்வரை காத்திராமல், வழியில் வாழைப்பழம், ரொட்டி போன்றவற்றை அவ்வப்போது உண்பதே இதற்கு மருந்து.

வசந்தத்தை நம்பலாமா?

இத்தாலியில் 1907 முதல் நடந்துவரும் மிலான் – சான் ரேமோ பந்தயத்தை "வசந்தம்" என்றே செல்லமாக அழைக்கிறார்கள். 1910 ஏப்ரல் 3 அன்று நடந்த பந்தயத்தில், துர்க்கினோ கணவாயில் கடும் பனி பொழிந்தது. வென்றவர் பிரான்சு நாட்டு யூஜின் கிறிஸ்தோஃப். சுமார் 290 கிலோமீட்டரைக் கடக்க அவருக்கு 12 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. முடித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வெற்றி பெற்றவரே உறைபனியால் பாதிக்கப்பட்டு ஏறக்குறைய ஒரு மாதம் மருத்துவமனையில் கிடந்தார். 2013ஆம் ஆண்டிலும் அதே கணவாயைப் பனி மூடியது. இம்முறை அமைப்பாளர்கள் வீரர்களைப் பேருந்தில் ஏற்றிக் கணவாயைக் கடக்கச் செய்து, பந்தயத் தூரத்தைக் குறைத்தார்கள். நாட்காட்டி வசந்தம் என்று சொல்லலாம். வானமும் உடலும் அதற்கு இணங்கினவா என்று பார்த்தே புறப்பட வேண்டும்.

செய்து பாருங்கள்

இரண்டு நிமிடம் சீராகப் படிக்கட்டு ஏறி இறங்குங்கள். நின்றவுடன் 15 விநாடிகளுக்கு நாடித்துடிப்பை எண்ணி 4ஆல் பெருக்குங்கள். ஒரு நிமிடம் ஓய்வெடுத்து மீண்டும் எண்ணுங்கள். இரண்டு எண்களின் வேறுபாட்டைக் குறித்துவையுங்கள். நாள்தோறும் அரைமணி நேரம் சைக்கிள் ஓட்டி, வாரம் ஒருமுறை இதே சோதனையைச் செய்யுங்கள். ஆறு வாரங்களுக்குப் பின் அந்த எண்களை வரைபடமாக வரைந்து பாருங்கள். உங்கள் இதயம் கற்றுக்கொண்ட பாடம் அதில் தெரியும்.